சுண்ணாம்பு அடித்த விமானம்

மே மாதத்தில் பாரிவாக்கம் வெட்டவெளியில் நிற்கும் ஒரு சின்ன விமானத்துக்குள் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று என்னைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். வெயிலில் நிறுத்திவைத்த காரை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காரிலாவது கண்ணாடியை இறக்கலாம்.

என் பெயர் தினகரன். சொந்த ஊர் துறையூர். பூந்தமல்லியில் விமானப் பணிப்பெண் பயிற்சி மையம் ஒன்றில் அலுவலகப் பொறுப்பாளன். சேக்காட்டில் வாடகைக்குக் குடியிருந்து, தினமும் ஆவடி சாலைப் புழுதியைப் பாதி சுவாசித்துப் பாதி சட்டையில் வாங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறவன். மையத்திலிருந்து போகும் கடிதங்கள் எல்லாம் என் கையால்தான் போகும். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

முதலில் விமானம். எட்டுப் பேர் உட்காரக்கூடிய பழைய விமானம் அது. எங்கள் முதலாளி வரதன் அதை எங்கோ ஏலத்தில் எடுத்து, இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுவந்து, மறுபடியும் மாட்டி நிறுத்தினார். நிஜ விமானத்தில் பயிற்சி என்று விளம்பரம் போட்டோம். பொய் இல்லை. நிஜ விமானம்தான். ஆனால் இன்ஜின் கூடுகளுக்குள் இன்ஜின் கிடையாது. புறாக்கள் இருந்தன. இன்ஜின் ஓடினால்தான் உள்ளே குளிர்காற்று வரும். புறாக்களால் அது முடியாது.

அது நின்ற நிலம் ஏகாம்பரத்துடையது. பாரிவாக்கத்தில் மூன்று தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். இப்போது பாதி நிலம் மனையாகிவிட்டது. மீதியில் ஒரு கொட்டகை போட்டு, கல்யாணங்களுக்குப் பந்தல், சாமியானா, மேடை அலங்காரம் எல்லாம் செய்துகொடுக்கிறார். விமானத்துக்கு இடம் கொடுத்ததற்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்றுதான்: அவருடைய மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு எங்கள் மையத்தில் ஓர் இடம்.

கிருஷ்ணப்பிரியா நல்ல உயரம். அப்பாவோடு சேர்ந்து சவுக்குக் கம்பு தூக்கிய தோள். மேடையின் பின்பலகையில் மணமகன், மணமகள் பெயர்களைத் தெர்மாகோலில் வெட்டிப் பசை தடவி ஒட்டுவதும், கல்யாணம் முடிந்த மறுநாள் பலகையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து அந்த எழுத்துகளைக் கிழியாமல் உரித்தெடுப்பதும் அவள் வேலை. வகுப்புக்கு வருவதற்கு முன்பே இரண்டு ஜோடிகளைப் பிரித்துவிட்டு வந்தேன் என்று சிரிப்பாள். அவளுக்கு ஒரே ஒரு குறை. ஜூன் மாதம் இருபத்தேழு வயது முடிகிறது. எங்கள் மையத்துக்கு வருடம் ஒருமுறை தேர்வுக்கு வரும் விமான நிறுவனம் அதற்கு மேல் எடுக்காது. அவர்கள் வருவது மே மாதம். வருவதே எங்களிடம் விமானம் இருப்பதால்தான். அவர்களுடைய தேர்வின் ஒரு பகுதியை உள்ளே கதவை மூடிக்கொண்டு நடத்திப் பார்ப்பார்கள்.

"இந்த வாட்டி உட்டா அவ்ளோதான் சார்," என்றார் ஏகாம்பரம். "அப்பால பஸ்ல டிக்கெட் கிழிக்கக்கூட கூப்ட மாட்டான்."

ஏப்ரல் நடுவில் நிஷா மயங்கி விழுந்தாள். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக மாறி வருகிற, இருபது வயதுகூட நிரம்பாத பெண். ஊசி குத்திய சேலை, வலை போட்ட கொண்டை, கையில் தட்டு. பயிற்சியாளர் தாட்சாயிணி நல்ல கண்டிப்பு. மேலுதட்டில் வியர்வை தெரியக்கூடாது, சிரிப்பு இறங்கக்கூடாது என்பது அவருடைய இரண்டு சட்டங்கள். நிஷா இரண்டையும் காப்பாற்றினாள்.

"சிரிச்சுக்கிட்டே விழுந்தா சார்," என்று தாட்சாயிணி என் மேஜை முன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "மயங்குற பயணிக்கு முதலுதவி பண்றது அடுத்த பாடம். பொண்ணு முன்கூட்டியே நடிச்சுக் காட்டுதுன்னு நெனச்சு நான் கை தட்டிட்டேன்."

வரதன் அன்று மாலையே கூப்பிட்டார். அவர் அண்ணா நகரில் ஏசி அறையில் இருந்து பேசுவது குரலிலேயே தெரியும், அவசரமே இருக்காது.

"இன்னொரு பொண்ணு விழுந்தா விமானத்தத் தள்ளிவிட்டுருவேன் தினகரன். ஹைவேல ஹோட்டல் வெச்சிருக்கவர் ரெண்டு தடவ கேட்டுட்டார். உள்ள டேபிள் போட்டு தோசை போடப் போறாராம்."

"மே மாசம் செலக்‌ஷன் இருக்கே சார்?"

"குளுகுளுன்னு வெச்சு நடத்த முடிஞ்சா நடத்துங்க. என்னைய செலவு மட்டும் கேக்காதீங்க."

ஆக, மே மாதம் வரை அந்த அலுமினியக் கூட்டுக்குள் ஒருவரும் விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலையாகிவிட்டது. ஜன்னல் ஏசி ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தோம். ஏகாம்பரத்தின் கொட்டகையிலிருந்து இழுத்த ஒற்றை வயர்தான் விமானத்துக்கு. ஏசியைப் போட்டதும் ஃபியூஸ் போனது. கூடவே அவருடைய தண்ணீர் மோட்டாரும் போனது.

"சார், உன் ஏசி என் மோட்டார முழுங்கிட்ச்சு," என்றார். கோபம் இல்லை. களைப்புதான்.

பிறகு கைவேலைதான். கார்களுக்குப் போடும் வெள்ளித் தாள்களை ஜன்னல்களில் ஒட்டினேன். உள்ளே இருட்டாகி, ஒரு பெண் இன்னொருத்தியின் மடியில் காபியைக் கொட்டினாள். சூடு கொஞ்சம் குறைந்தது என்றே சொல்ல வேண்டும். காபியைத் தவிர. மறுநாளே தாள்களை உரித்தெடுத்தேன்.

அடுத்தது ஈரச் சாக்கு. எங்கள் துறையூரில் சணல் சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டால் அறையே வேறு மாதிரி ஆகிவிடும். அதே நம்பிக்கையில் இங்கேயும் விமானத்தின் முதுகெல்லாம் சாக்கு போர்த்தித் தண்ணீர் விட்டோம். துறையூர்க் காற்று காய்ந்த காற்று என்பதை நான் மறந்துவிட்டேன். இந்தப் பக்கத்துக் காற்று ஏற்கெனவே நனைந்துதான் வருகிறது. அரைமணி நேரத்தில் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஆவி வந்தது.

"இட்லி குண்டான் சார் இது," என்றாள் கிருஷ்ணப்பிரியா, கொண்டை வலையிலிருந்து நீர் சொட்ட. "இன்னும் அஞ்சு நிமிசம் உட்டிருந்தா நாங்க வெந்துகினு இருந்திருப்போம்."

"வெந்திருப்போம்," என்று திருத்தினார் தாட்சாயிணி.

"வெந்திருப்போம் மேடம். சாம்பார் இருக்கிறதா மேடம்?"

அவளுடைய பேச்சைத் திருத்துவது தாட்சாயிணிக்குத் தனி வேலை. கீது என்றால் இருக்கிறது. வாணாம் என்றால் வேண்டாம். பயணிகளிடம் பேசும்போது குரல் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு வருடமாக அவள் அந்தக் குரலைத் தண்ணீர்க் குடத்தைப்போலச் சிந்தாமல் சுமந்தாள். வகுப்பு முடிந்து கேட்டைத் தாண்டியதும் இறக்கிவைத்துவிடுவாள்.

ஏகாம்பரம் ஒரு சாமியானாவைக் கொண்டுவந்து விமானத்துக்கு மேல் கட்டினார். சிவப்பு, மஞ்சள், ஓரத்தில் ஜரிகைக் குஞ்சம். வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நல்ல நிழல். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்த சுழல்காற்றில் அது பறந்து, பக்கத்து அடுக்குமாடியின் இரண்டாவது மாடி பால்கனியில் போய்ப் படுத்துக்கொண்டது. விமானம் பறக்கவில்லை, பந்தல் பறந்தது என்று குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார்கள். மன்னிப்புக் கடிதம் நான் எழுதினேன்.

கடைசியில் கொஞ்சம் பலித்தது ஐஸ் பெட்டி. மீன் வைக்கும் பெரிய தெர்மாகோல் பெட்டி, அதன் மூடியில் ஓட்டை போட்டு ஒரு சின்ன மின்விசிறி, பக்கவாட்டில் வளைகிற குழாய். உள்ளே ஐஸ் பாளத்தை உடைத்துப் போட்டால் குழாய் வழியாகக் குளிர்காற்று வரும். பெட்டியை உள்ளே வைத்தால் இடம் அடைத்தது. அதனால் வெளியே ஸ்டூலில் வைத்தேன். குழாயை உள்ளே கொண்டுபோக ஒரு வழி வேண்டுமே. கதவுக்கு எதிர்ப்பக்கம் அவசர வழி ஜன்னல் ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அளவெடுத்து ஒரு பிளைவுட் பலகையை வெளியிலிருந்து திருகாணி போட்டு முடுக்கி, நடுவில் வட்டம் வெட்டிக் குழாயைச் சொருகினேன். சுத்தமான வேலை. அப்படித்தான் அன்று நினைத்தேன்.

ஐஸ் கிடைத்தது பூந்தமல்லி மீன் மார்க்கெட்டில். காற்று குளிர்ச்சியாகத்தான் வந்தது. வாசனையும் சேர்ந்து வந்தது.

"இன்னிக்கு இன்னா மீனு சார்?" என்று பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். நிஷா மூக்கை உறிஞ்சிப் பார்த்தே சொல்லுவாள், "சங்கரா" என்று. தாட்சாயிணி மட்டும் சுத்த சைவம். முகத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டே பாடம் எடுத்து, கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது.

இப்படி ஒருவழியாகத் தேர்வு நாள் நெருங்கியது. திங்கட்கிழமை காலை பதினொரு மணி என்று கடிதம் வந்தது. வெயில் உச்சியில் ஏறும் நேரம். ஐஸ் பெட்டி மட்டும் தாங்காது என்பது எனக்குத் தெரியும். ஏகாம்பரத்துக்கும் தெரியும். சனிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் விமானத்தின் நிழலில் நின்று அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். தகரத்தைத் தொட்டால் கை சுட்டது.

"என் ஊட்டு மொட்ட மாடி இப்டித்தான் கொதிக்கும் சார்," என்றார். "வருசா வருசம் பங்குனில சுண்ணாம்பு அடிச்சுருவேன். கீழ ஃபேன் காத்தே ஏசி மாதிரி வரும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கினேன். அந்த மூன்று வாரத்தில் அன்றுதான் தூங்கினேன்.

திங்கள் காலை நான் போனபோது விமானம் வெள்ளை வெளேரென்று நின்றது. ஜன்னல் கண்ணாடிகளைத் தவிர, மூக்கு முதல் வால் வரை இரண்டு கோட் சுண்ணாம்பு. இறக்கைகளும் விடவில்லை. இன்ஜின் கூட்டுப் புறா ஒன்றின் முதுகிலும் கொஞ்சம் இருந்தது. மழை வந்தால் கரையக்கூடாது என்று மேடை அலங்காரத்துக்கு வைத்திருந்த வெள்ளைப் பசையை வாளி வாளியாகக் கலந்திருக்கிறார். மொட்டை மாடிக்கு எல்லாரும் செய்கிற கலவைதான்.

"உள்ள போய்ப் பாரு சார்," என்றார். முழங்கை வரை வெள்ளை, கண்கள் சிவப்பு.

நான் போனேன். பொய் சொல்லக்கூடாது, மனிதன் இருக்கக்கூடிய இடமாக இருந்தது. ஐஸ் பெட்டியையும் ஓடவிட்டதும், அந்த வருடத்தில் முதல்முறையாக உள்ளே உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன். கண்ணை மூடினால் அங்கேயே தூங்கியிருப்பேன்.

ஒரு சிறு விஷயம். காலையில் கதவைத் திறந்தபோது, விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த சுண்ணாம்பு பட்டை பட்டையாக உரிந்து வந்துவிட்டது. கதவைச் சுற்றி மட்டும் தகரம் தெரிந்தது. மேடையில் ஒரு பூ குறைந்தாலும் ஏகாம்பரத்துக்குப் பொறுக்காது. முகூர்த்தத்துக்கு அரைமணி முன்புகூட ஏணி போட்டு ஏறி ஒட்டிவிட்டு இறங்குகிற ஆள். மீதி இருந்த கலவையை, அடியில் தங்கிய பசையோடு சேர்த்து, கதவின் விளிம்பிலும் அது பொருந்தும் சட்டத்திலும் கெட்டியாகப் பூசி நிரப்பிவிட்டார். நான் அதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

தேர்வுக்கு வந்தவர் பெயர் சித்ரா. ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். இருபது வருடம் பறந்தவர் என்று தாட்சாயிணி காதோடு சொன்னார். விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்தவர், வெள்ளை விமானத்தைப் பார்த்து ஒரு நொடி நின்றார்.

"யாராவது மாவுக்கட்டுப் போட்டுவிட்டீங்களா இதுக்கு?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஓட்டுநரிடம் ஏசியை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறினார்.

முதல் குழுவில் நான்கு பெண்கள். கிருஷ்ணப்பிரியா கதவுப் பொறுப்பு. நிஷாவும் மற்ற இருவரும் இருக்கைகளுக்கு இடையில். சித்ரா கடைசி இருக்கையில் பயணியாக. விதிப்படி நாங்கள் எல்லாரும் வெளியே. கீழே இறக்கினால் அதுவே படியாகிற கதவு. பதினொன்றேகாலுக்குக் கிருஷ்ணப்பிரியா அதை இழுத்து மூடினாள். ஈரப் பசை பிதுங்கி விளிம்பில் ஒரு கோடு போல வழிந்தது. ஏகாம்பரம் அதை விரலால் துடைத்துச் சமப்படுத்தினார்.

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஐஸ் பெட்டியின் விசிறி சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது.

உள்ளே அறிவிப்பு கேட்டது. கிருஷ்ணப்பிரியாவின் குரல், ஒரே உயரத்தில், ஆங்கிலத்தில், பிறகு இந்தியில், பிறகு நல்ல தமிழில்: அன்பார்ந்த பயணிகளே, தயவுசெய்து அமைதியாக இருக்கவும். தாட்சாயிணி கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். நன்றாகச் செய்தாள். ஒரு பிழை இல்லை.

பிறகு கதவின் கைப்பிடி உள்ளேயிருந்து திரும்பும் சத்தம். கதவு அசையவில்லை. மறுபடியும் சத்தம். பிறகு தோளால் இடிக்கும் சத்தம்.

நான் வெளிக் கைப்பிடியைத் திருகித் தொங்கினேன். தகரம் சுட்ட சூட்டில் அந்தப் பசை இறுகிவிட்டது. கதவும் சட்டமும் கல்யாண மேடையும் எழுத்தும் போல ஒன்றாகிவிட்டன. ஏகாம்பரம் நகத்தால் விளிம்பைச் சுரண்டிப் பார்த்தார்.

"அவசர வழி!" என்றார் தாட்சாயிணி. "அந்தப் பக்கம் ஜன்னல்!" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பிளைவுட்டைப் பார்த்தேன். நான் முடுக்கிய திருகாணிகள், பன்னிரண்டும், நேர்வரிசையில் நின்றன. திருப்புளி அலுவலகத்தில் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அலுவலகம் பூந்தமல்லியில் இருந்தது.

ஜன்னல் வழியாக நிஷாவின் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். போன முறை விழுந்ததும் இப்படிச் சிரித்துக்கொண்டுதான்.

ஏகாம்பரம் கொட்டகைக்கு ஓடி, குழி தோண்டும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வேணாம்! கண்ணாடி உடைஞ்சா உள்ள அடிக்கும்!" என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

"உடு சார்! உள்ள என் பொண்ணு கீறா!"

கடப்பாரையை ஜன்னலைப் பார்த்து ஓங்கிவிட்டார். அப்போது கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் உள்ளேயிருந்து இரண்டு கைகளும் படபடவென்று அடித்தன. கிருஷ்ணப்பிரியா. கண்ணாடியில் வாயை ஒட்டிக் கத்தினாள். அந்தக் குரலுக்கு உயரமும் இல்லை, அளவும் இல்லை. பாரிவாக்கம் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

"நைனா! கடப்பாரைய கீழ போடு! இன்னா நைனா நீ, கல்யாணம் முடிஞ்சா பேர எப்டி எடுப்போம்? கடப்பாரையாலயா எடுப்போம்? தண்ணி ஊத்து! ஓரத்துல ஊத்து! ஊற வுடு!"

ஏகாம்பரம் ஒரு கணம் அப்படியே நின்றார். கடப்பாரை தானாகக் கீழே விழுந்தது. பழுதுபார்த்து மறுபடி மாட்டியிருந்த மோட்டாரைப் பார்த்து ஓடினார். பாதி வழியில் கரண்ட் இல்லை என்பது நினைவுக்கு வந்து திரும்பினார். தொட்டியில் துளி இல்லை. முந்தின நாளே எல்லாத் தண்ணீரும் சுண்ணாம்பில் போயிருந்தது.

"ஐஸ் பெட்டி," என்றேன்.

இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினோம். விசிறியும் குழாயும் பின்னால் இழுபட்டு வந்தன. பெட்டி நிறைய உருகிய தண்ணீர், மிதக்கும் ஐஸ் துண்டுகள். அவர் ஸ்டூலில் ஏறி நின்றார். நான் வாளியில் மொண்டு கொடுக்கக் கொடுக்க, கதவின் மேல் விளிம்பில் ஊற்றினார். சுண்ணாம்பு பால் போல வழிந்து எங்கள் இருவர் மேலும் இறங்கியது.

"இந்தப் பக்கம் நைனா! கீலு கிட்ட!"

"ஊத்திகினுதாம்மா கீறேன்!"

"சார், மூலைல! அவசரப்படாத, நல்லா ஊறட்டும்!"

உள்ளே அவள் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில்களை எல்லாம் விளிம்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. இடையிடையே திரும்பி, "நிஷா, உக்காரு. சிரிக்காத. சிரிக்காதன்றேன் இல்ல? தலைய முட்டில வெச்சுக்கோ," என்று சொன்னாளாம். அவள் சொன்னபடி நிஷா சிரிப்பை நிறுத்தித் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் அவள் விழவில்லை என்று தாட்சாயிணி பின்னால் பலமுறை சொன்னார். சொல்லும்போதெல்லாம் அவருடைய சட்டத்தையும் கூடவே நினைத்திருப்பார் போல, குரல் இறங்கிவிடும்.

"இப்ப இழு நைனா! ஒண்ணு, ரெண்டு..."

மூன்று சொல்வதற்குள் கதவு ஒரு பெரிய உரிதல் சத்தத்தோடு பிரிந்து கீழே இறங்கியது. பெட்டியில் மிச்சம் இருந்த தண்ணீர் முழுக்கப் படியில் ஓடியது. கிருஷ்ணப்பிரியா வாசலில் நின்றாள். சேலை முழுக்க வெள்ளைக் கோடுகள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கினாள். நிஷா முதலில், சித்ரா கடைசியில், அதற்குப் பிறகு அவள்.

சித்ரா கீழே இறங்கி, நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினார். புடவையை மோந்து பார்த்தார்.

"இது என்ன... மீனா?"

"சங்கரா மேடம்," என்றாள் நிஷா, தலையைத் தூக்காமலே.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். எத்தனையோ மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரு வரியும் வரவில்லை.

"உங்க விமானத்துக்குள்ள இனிமே நான் ஏற மாட்டேன்," என்றார் சித்ரா. "யாரையும் ஏத்தவும் கூடாது. புரியுதா?" பிறகு வெயிலைப் பார்த்தார். சாலையோரம் புகைந்துகொண்டு நின்ற டாக்ஸியைப் பார்த்தார். "எனக்கு சாயங்காலம் திரும்பிப் போகணும். ஒவ்வொருத்தரா அங்க அனுப்புங்க. பேசிப் பார்க்கறேன்."

அப்படித்தான் அந்த வருடத் தேர்வின் மீதி, டாக்ஸியின் பின்சீட்டில் நடந்தது. ஓட்டுநர் அந்தச் சீட்டின் மேல் தினத்தாளை விரித்துவிட்டு வேப்பமரத்தடியில் பீடி பிடிக்கப் போனார். பெண்கள் வரிசையாக நின்றார்கள். கார்க் கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் குளிர் வெளியே வரும். பக்கத்தில் நின்றவர்கள் அதற்காகவே நெருங்கி நின்றார்கள். நானும்தான்.

கிருஷ்ணப்பிரியா வரிசையில் நிற்கவில்லை. விமானத்தின் வால் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"போம்மா," என்றேன்.

"எதுக்கு சார்? ஒரு வருசமா கத்துகினது எல்லாம் அஞ்சு நிமிசத்துல கத்தியே தீத்துட்டேன்."

ஏகாம்பரம் சற்றுத் தள்ளி நின்றார். மகளின் பக்கம் வரவே இல்லை. சுண்ணாம்பு பட்ட கண்ணைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தான் சார் பூசுனேன்," என்று யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். "ஒரு கோட்டோட உட்டிருக்கலாம்."

தாட்சாயிணி வந்தார். அவளுக்கு முன்னால் குனிந்து, தோளில் அவிழ்ந்திருந்த ஊசியைக் கழற்றிச் சரியாகக் குத்தினார். பேச்சைத் திருத்தவில்லை. "எழுந்திரு," என்று மட்டும் சொன்னார்.

கடைசி ஆளாகப் போனாள். கார்க் கண்ணாடி கறுப்பு. உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. மற்றவர்களைவிட நேரம் ஆனது. ஏகாம்பரம் நடந்து நடந்து செருப்பால் மண்ணில் ஒரு பாதையே போட்டுவிட்டார்.

புறப்படும்போது சித்ரா கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்திலும் களைப்புதான்.

"மூணு பாஷைல அறிவிப்பு செய்யணும்ங்கறது விதி," என்றார். "அந்தப் பொண்ணு நாலாவதா ஒண்ணுல செஞ்சா. அதுலதான் கதவு திறந்தது." கண்ணாடி ஏறிவிட்டது. அதைப் பாராட்டு என்று எடுப்பதா, புகார் என்று எடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. மூன்று பெயர். கிருஷ்ணப்பிரியா மூன்றாவது. நான் ஏகாம்பரத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். பின்னால் யாரோ சுத்தியலால் ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி சார், முகூர்த்தப் பந்தல் ஒண்ணு கீது, முடிச்சுட்டு வரேன்," என்று வைத்துவிட்டார். அடுத்த நிமிடமே திரும்பக் கூப்பிட்டு, "அவ பேருதானே சார்? நல்லா பாத்தியா?" என்றார்.

வரதன் சொன்னபடியே விமானத்தை ஹோட்டல்காரருக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு வெள்ளை வேண்டாமாம். பளபளவென்று வெள்ளியாக வேண்டுமாம். ஜூன் மாதம் நானும் ஏகாம்பரமும் அவர் ஆட்களும் தேங்காய் நாரும் தண்ணீருமாக அதைத் தேய்த்தோம். சுண்ணாம்பு போனது. போன இடத்தில் தகரம் அம்மை வடு போலப் புள்ளி புள்ளியாக அரித்துக் கிடந்தது. அலுமினியப் பாத்திரத்தில் சுண்ணாம்பு வைக்கக்கூடாது என்று எங்கள் இருவர் வீட்டிலும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் யாரும் அதைப் பாத்திரம் என்று நினைக்கவில்லை. மொட்டை மாடி என்று நினைத்துவிட்டோம்.

தேய்க்கத் தேய்க்க வெயில் தகரத்தில் பட்டுக் கண்ணில் அடித்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பழைய சூடு திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போது ஏகாம்பரத்தின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். வடக்கே பயிற்சிக்குப் போன கிருஷ்ணப்பிரியா.

"நைனா, இங்க கிளாஸ்ல ஏசிய பதினெட்டுல வெச்சுகினு கீறாங்க. வெரலெல்லாம் வெறச்சுப் போவுது. ஒரு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பு."

"குளுருதா?" என்றார் அவர். நம்பாமல் மறுபடியும் கேட்டார். "நெசமாவே குளுருதாம்மா?"

மாலையில் இருவரும் என் வண்டியில் பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் போனோம். நான்காவது கடையில் நுழைந்தபோது இருவருடைய சட்டையும் முதுகில் ஒட்டியிருந்தது. கடைக்காரர் விசிறிக்கு நேராக உட்கார்ந்து, எங்கள் முழங்கையில் இன்னும் மிச்சமிருந்த வெள்ளையைப் பார்த்தார்.

"ஜூன் மாசத்துல ஸ்வெட்டரா?" என்றார். "யாருக்குங்க?"

"என் பொண்ணுக்கு," என்றார் ஏகாம்பரம், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே. "நல்லா கெட்டியானதா குடு. அங்க ரொம்பக் குளுரு."